கடைசி உதை

1994ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள். கலிபோர்னியாவில் பாசடேனா நகரின் ரோஸ் பௌல் அரங்கில் 94 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். ஐரோப்பியர் தம் இல்லங்களில் அமர்ந்து மாலைப் பொழுதில் காண வேண்டும் என்பதற்காக, உச்சி வெயிலில் பன்னிரண்டரை மணிக்கு உலகக் கோப்பை இறுதியாட்டத்தைத் தொடங்கினார்கள். பிரேசிலும் இத்தாலியும் அதுவரை தலா மூன்று முறை கோப்பையை வென்றிருந்தன. நான்காவது யாருக்கு என்பதே கேள்வி.

ஆட்டம் அழகாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. 120 நிமிடங்கள் ஓடியும் ஒரு கோல்கூட விழவில்லை. மௌரோ சில்வா அடித்த பந்து, இத்தாலியக் கோல் காப்பாளர் பாலியூக்காவின் கைகளிலிருந்து நழுவிக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது; அவர் அந்தக் கம்பத்துக்கு நன்றியோடு ஒரு முத்தம் கொடுத்தார். மனம் மகிழ்ந்து நினைத்துக்கொள்ள நமக்கு அந்த ஒரு காட்சிதான் கிடைத்தது.

பின்னர் பெனால்டி உதைகள் வந்தன. உலகக் கோப்பை இறுதியாட்டம் ஒன்று இவ்வழியில் முடிவுசெய்யப்பட்டது அதுவே முதல் முறை. இந்த ஏற்பாட்டைக் குறைகூறுவோர் பலர். ஆயினும் இதற்கு முன்பிருந்த வழக்கம் நாணயம் சுண்டுவது என்பதை மறந்துவிடலாகாது. 1968இல் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் சோவியத் அணியை இத்தாலி கடந்தது அப்படித்தான். நாணயத்தால் தோற்றவனை எவரும் பழிப்பதில்லை. உதையால் தோற்கும்போதோ, பழி சுமக்க ஓர் ஆள் கிடைத்துவிடுகிறான்.

இத்தாலிக்காக முதலில் வந்தவர் பிராங்கோ பரேசி. வயது 34. அந்தப் போட்டித் தொடரின் நடுவே முழங்காலில் அடிபட்டு, அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 24 நாட்களில் மீண்டு வந்து 120 நிமிடங்களும் ஆடியவர். அவர் உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. பிரேசிலின் மார்சியோ சாந்தோஸ் உதைத்ததைப் பாலியூக்கா தடுத்தார். பின்னர் இரு தரப்பிலும் இரண்டிரண்டு கோல்கள். மஸ்ஸாரோ உதைத்ததை டஃபரெல் தடுத்தார். துங்கா கோல் அடித்தார். இத்தாலியின் ஐந்தாவது உதைக்கு நடந்து வந்தவர் ரோபெர்ட்டோ பாஜ்ஜோ. அவரது பந்தும் கம்பத்துக்கு மேலே சென்றது. மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், 24 ஆண்டுகளுக்குப் பின் பிரேசில் வென்றது.

கணக்கைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம். பாஜ்ஜோ கோல் அடித்திருந்தால் மூன்றுக்கு மூன்று என்றுதான் ஆகியிருக்கும். பிரேசிலின் ஐந்தாவது உதை அப்போதும் மிச்சம். அவருக்கு முன்பே இருவர் தவறவிட்டிருந்தனர். இத்தாலி அந்த நாளை எட்டியதும் யாரால்? நைஜீரியா, ஸ்பெயின், பல்கேரியா ஆகிய மூன்று அணிகளை வென்று இறுதிக்கு வந்த வழியில் இத்தாலி அடித்த கோல்கள் ஆறு. அவற்றுள் ஐந்து அவருடையவை. (மீதி ஒன்றை அடித்தவரின் பெயரும் பாஜ்ஜோதான், உறவினர் அல்லர்.) அரையிறுதியில் தொடைத்தசை பாதிக்கப்பட்டு வெளியேறியவர், அந்த வலியோடுதான் இறுதியாட்டத்துக்கு வந்தார். ஆனால் உலகம் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் படம் ஒன்றே: இடுப்பில் கைகளை ஊன்றித் தலைகுனிந்து நிற்கும் பாஜ்ஜோ.

நம் நாட்டில் அப்போது திங்கட்கிழமை பிறந்து விடியலை நெருங்கிக்கொண்டிருந்தது. கடற்கரை ஊர் ஒன்றில், ஒரே தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே நாற்பது ஐம்பது பேராக நாங்கள் அமர்ந்திருந்தோம். பெரும்பாலோர் பிரேசில் பக்கம். கூச்சல் ஓயவில்லை. கட்டுமரத்துக்குப் போகும் நேரம் ஆகியும் எழுந்து போகாதிருந்த முதியவர் ஒருவர், திரையையே பார்த்தவாறு சொன்னார்: "அந்தப் பையன யாராவது கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போங்கடே. எம்புட்டு நேரமா ஒத்தையில நிக்கான்." ஆட்டத்தைப் பற்றி அன்று முதல் இன்றுவரை நாம் கேட்டவற்றுள் இதைவிடச் சரியான பேச்சு இல்லை.

அதே அரங்கில், அதற்கு 25 நாட்கள் முன்னர், வேறொருவர் இப்படித் தனித்து நின்றிருந்தார். ஜூன் 22 அன்று அமெரிக்காவை எதிர்த்து ஆடிய கொலம்பிய அணியின் தற்காப்பு வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், எதிரணி அனுப்பிய பந்தைத் தடுக்கக் கால் நீட்டினார். அது தம் அணியின் கோலுக்குள்ளேயே புகுந்தது. ஒன்றுக்கு இரண்டு என்று கொலம்பியா தோற்றது. பின்னர் தொடரிலிருந்தும் வெளியேறியது. எஸ்கோபார் ஒளிந்துகொள்ளவில்லை. ஊர் திரும்பினார், வாழ்க்கை இத்தோடு முடிந்துவிடுவதில்லை என்ற பொருள்பட நாளிதழிலும் எழுதினார். ஜூலை 2ஆம் நாள் அதிகாலை, மெதெயின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 27.

சுட்டவர்கள் சிலரே. ஆயினும் ஒரு நாட்டின் தோல்வி முழுவதையும் ஒரு மனிதனின் காலில் கட்டித் தொங்கவிடும் வேலையைச் சிலர் மட்டும் செய்வதில்லை; வானொலி செய்கிறது, தேநீர்க் கடை செய்கிறது, மறுநாள் அலுவலகத்தில் சிரித்துக்கொண்டே சொல்லப்படும் ஒரு வேடிக்கைச் சொல் செய்கிறது. பதினொரு பேர் ஆடுகிறார்கள், பயிற்சியாளர் தேர்ந்தெடுக்கிறார், வெயிலும் களைப்பும் தம் பங்கைச் செலுத்துகின்றன. அத்தனையையும் பங்கிட்டுப் பார்க்க நமக்குப் பொறுமையில்லை. ஒரு பெயர் போதும் நமக்கு.

அன்று வென்ற பிரேசில் வீரர்கள் ஒரு பதாகையை விரித்துப் பிடித்தார்கள். மே முதல் நாள் இத்தாலியின் இமோலா பந்தயத் திடலில் மோதி இறந்த தம் நாட்டு மோட்டார் பந்தய வீரர் அயர்ட்டன் சென்னாவுக்கு அவ்வெற்றியை அவர்கள் காணிக்கையாக்கினர். அரங்கின் மறுபுறத்தில் பரேசி அழுதுகொண்டிருந்தார்.

பாஜ்ஜோ ஆட்டத்தை விட்டுவிடவில்லை. 1998இல் பிரான்சில் நடந்த உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே, சிலி அணிக்கு எதிராகத் தோல்வியின் விளிம்பில் இருந்தபோது இத்தாலிக்குப் பெனால்டி கிடைத்தது. அவரே எடுத்தார், பந்து வலைக்குள் சென்றது. அவ்வாண்டு ஜூலை 3ஆம் நாள், பிரான்சுக்கு எதிரான காலிறுதியிலும் பெனால்டி உதைகள் வந்தன. இத்தாலியின் முதல் உதை அவருடையது, அதுவும் கோல். குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்பிய கடைசி உதை, இம்முறை லூயிஜி தி பியாஜோ என்பவருடையது.