ஒற்று மிகும் இடங்கள்

இந்த இதழுக்காக ஆசிரியர் என்னிடம் கேட்டிருந்தது சமீபத்தில் வந்த மூன்று கவிதைத் தொகுப்புகளைப் பற்றிய கட்டுரை. குறிப்புகள் எடுத்து வைத்திருக்கிறேன். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் வேறொரு விஷயம் குறுக்கே வந்து நின்றுவிட்டது. அதைச் சொல்லி முடிக்காமல் இன்னொருவருடைய சொற்களின் தராதரம் பற்றிப் பேசுவது எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. ஆகவே இது.

நான் குடியிருப்பது விழுப்புரத்தில். வேலை பார்ப்பது திண்டிவனத்தில், ஒரு வங்கிக் கிளையில், கவுண்டருக்குப் பின்னால். நடுவில் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று பாசஞ்சர் நின்று நின்று போகும். என் வாசிப்பும் எழுத்தும் பெரும்பாலும் இந்த நிறுத்தங்களுக்கு இடையில் நடந்தவைதான்.

எங்கள் ஊர்ப் பெயரைப் பற்றி ஒரு சின்னத் தகவல். ரயில்வே அதை ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு ‘எல்’, ஒரு ‘பி’. மாவட்ட நிர்வாகம் எழுதும்போது ஒரு ‘எல்’, இரண்டு ‘பி’. தமிழில் இருக்கும் ழகரம் இரண்டிலும் இல்லை. 2020இல் தமிழக அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டது; சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் என்ற ஹோதாவில் நண்பர்களிடம் இதைக் கேலியாகப் பேசிச் சிரித்திருக்கிறேன். ஒரு அரசாங்கத்தால் தன் ஊர்களுக்கே எழுத்துக்கூட்டலை நிச்சயம் செய்ய முடியவில்லை என்பது அந்தக் கேலியின் சாரம். பின்னால் வருவதற்கு இது தேவைப்படும்.

ஒன்றரை ஆண்டுக்கு முன், ஒரு இலக்கியக் கூட்டத்தில் வாசிப்பதற்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். ஜார்கண்டிலிருந்து ஸ்பெயினுக்குக் கால்பந்து ஆடப் போன சிறுமிகளைப் பற்றியது. ராஞ்சிக்கு அருகே ஓர்மாஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில், 2009இல் பிரான்ஸ் காஸ்ட்லர் என்ற அமெரிக்கர் ‘யுவா’ என்ற அமைப்பைத் தொடங்கிப் பெண் குழந்தைகளுக்குப் பயிற்சி தர ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் பாதியில் நின்று, வயலுக்கும் வீட்டு வேலைக்கும் போய், சீக்கிரமே கல்யாணம் ஆகிவிடுகிற பெண்கள் நிறைந்த பிரதேசம் அது. 2013இல் அங்கிருந்து 18 சிறுமிகள் ஸ்பெயினின் பாஸ்க் பகுதிக்குப் போய் டொனோஸ்டி கோப்பை, கஸ்தெய்ஸ் கோப்பை என்ற இரண்டு சர்வதேசச் சிறுவர் போட்டிகளில் ஆடினார்கள். கஸ்தெய்ஸில் மூன்றாம் இடம்.

என் கட்டுரையின் மையம் இந்த வெற்றி அல்ல. பாஸ்போர்ட் வாங்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அதற்காகப் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனபோது தங்களைத் தரையைப் பெருக்கச் சொன்னார்கள், அறைந்தார்கள், லஞ்சம் கேட்டார்கள் என்று அந்தச் சிறுமிகள் சொன்னது அப்போது செய்திகளில் வந்தது. இதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். ‘ஒரு துடைப்பத்துக்கும் ஒரு பந்துக்கும் இடையே இந்தியா கிடக்கிறது’ என்று ஒரு வாக்கியம் எழுதினேன். நல்ல வாக்கியம் என்று அப்போது பட்டது. மயிலம் தாண்டும்போது எழுதியது என்பதுகூட நினைவிருக்கிறது.

அந்த வாரத்தில் ஒரு நாள், மதியம் மூன்றரை மணி இருக்கும். கவுண்டரில் ஒரு அம்மாளும் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணும் வந்து நின்றார்கள். பெண்ணுக்குப் பதின்மூன்று வயது இருக்கலாம். பேசியது அவள்தான்.

“பாஸ்புக்ல அம்மா போட்டோ ஒட்டி சீல் போட்டுத் தரணும் சார்.”

“எதுக்கும்மா?”

“பாஸ்போர்ட்டுக்கு சார். வெளிநாட்டுக்கு வெளாடப் போறோம். புட்பால்.”

சுற்றுப்புறக் கிராமத்துச் சிறுமிகள் சிலரைச் சேர்த்து ஒரு அணி. செலவை ஏற்றுக்கொள்ள யாரோ இருந்தார்கள். ஐரோப்பாவில் ஒரு ஊரில், கோடையில், பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான போட்டி. மற்றக் குழந்தைகளின் காகிதங்கள் எல்லாம் தயாராகிவிட்டன என்று அம்மாள் சொன்னார். இது ஒன்றுதான் பாக்கி.

நான் பாஸ்புக்கையும் ஆதார் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நூறு நாள் வேலைக் கூலிக்காக எப்போதோ திறந்த கணக்கு. அம்மாளின் பெயரில் ஒரு ழகரம். பாஸ்புக்கில் அது ஆங்கிலத்தில் ஒற்றை ‘எல்’லாக இருந்தது. ஆதாரில் ‘இஸட் ஹெச்’. இனிஷியலும் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால்.

“பேரு வேற வேறயா இருக்கேம்மா. இப்படி இருந்தா சீல் போட முடியாது. நோட்டரிகிட்ட ரெண்டும் ஒரே ஆள்தான்னு எழுதி வாங்கிட்டு வாங்க.”

“ரெண்டும் நான்தான் சார்” என்றார் அம்மாள்.

இந்த வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இருந்ததாக நான் அப்போது நினைக்கவும் இல்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

என்ன செய்திருக்கலாம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நோட்டரி தேவையே இல்லை. ஆதாரில் உள்ளபடி பெயரைத் திருத்தித் தரச் சொல்லி ஒரு படிவம் எழுதி வாங்கி, நகலை இணைத்து, நான் கம்ப்யூட்டரில் ஏற்றி, உள்ளே ஆபீசர் ஒப்புதல் கொடுத்தால் புதுப் பாஸ்புக் அச்சாகிவிடும். அரை மணி நேர வேலை. ஆனால் பெயர் விஷயத்தில் கவனக்குறைவாக இருந்தார் என்று சக ஊழியர் ஒருவருக்கு முந்திய மாதம்தான் மெமோ வந்திருந்தது. பயம் ஒரு காரணம். மாலை ரயில் இன்னொரு காரணம். மூன்றாவதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது: அந்த எழுத்து வித்தியாசத்தைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. விமர்சகனாக நான் பழக்கிக்கொண்ட குணம் அது. ஒரு கவிதையில் இடம் தவறி விழுந்த ஒற்றை என் கண் தானாகப் போய்ப் பிடிக்கும். துல்லியம், துல்லியம் என்று இந்தப் பக்கங்களில் நானே எத்தனை முறை எழுதியிருக்கிறேன்.

ஒரு வாரம் கழித்து நோட்டரி பத்திரத்தோடு வந்தார்கள். அன்று ஆபீசர் விடுப்பு. இன்னொரு நாள் வாருங்கள் என்றேன். அவர்கள் வரவில்லை. நான் கட்டுரையை முடித்துக் கூட்டத்தில் வாசித்தேன். துடைப்ப வாக்கியத்தை இரண்டு நண்பர்கள் பாராட்டினார்கள்.

மழைக்காலம் ஆரம்பித்த பிறகு மகளிர் குழுத் தவணை கட்ட அந்த அம்மாள் வந்தபோது பெண்ணும் கூட வந்திருந்தாள். நானாகத்தான் கேட்டேன்.

“என்னம்மா, போயிட்டு வந்தாச்சா?”

“நான் போகல சார். மத்தவங்க போனாங்க.”

“அடுத்த வருஷம் போலாமே?”

“வயசு தாண்டிடும் சார்.”

குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆட்டத்தின் ஒரு விதியை விதி தெரியாதவனுக்குச் சொல்கிற தொனிதான். எந்த இடத்தில் ஆடுவாய் என்று கேட்டேன். “ஸ்டாப்பர் சார்” என்றாள்.

அன்றிரவு என் கட்டுரையை எடுத்துப் படித்தேன். அதில் பஞ்சாயத்து அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒரு கொடியவனாக வருகிறான். கொடியவனாக வருவதால்தான் வாசகன் அவனிடமிருந்து சுலபமாகத் தப்பித்துக்கொள்கிறான். எழுதியவனும் தப்பித்துக்கொள்கிறான். நான் யாரையும் அறையவில்லை, பெருக்கச் சொல்லவில்லை, காசு கேட்கவில்லை, ‘வாங்கம்மா’ என்று மரியாதையாகவே பேசினேன். விளைவைப் பார்த்தால் ஓர்மாஞ்சிச் சிறுமிகள் ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். திண்டிவனத்திலிருந்து ஒருத்தி போகவில்லை.

பிறகு இந்த விளையாட்டின் சரித்திரத்தைக் கொஞ்சம் படித்தேன். 1920ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த டிசம்பரில், கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல, தன் உறுப்பினர் கிளப்புகளின் மைதானங்களை அவர்களுக்குத் தரக் கூடாது என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அது அமலில் இருந்தது. அந்தப் பெண்களை மைதானத்தில் வைத்து யாரும் தோற்கடித்துவிடவில்லை. ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, நல்ல ஆங்கிலத்தில், ஒழுங்கான வாக்கியங்களில் செய்து முடித்தார்கள்.

டொனோஸ்டி, கஸ்தெய்ஸ் என்ற பெயர்களும் அப்புறம்தான் எனக்கு விளங்கின. உலகம் ஸான் ஸெபாஸ்டியான், விட்டோரியா என்று அறிந்த நகரங்களின் பாஸ்க் மொழிப் பெயர்கள் அவை. பிராங்கோவின் ஆட்சியில் குழந்தைகளுக்குப் பாஸ்க் பெயர் வைத்துப் பதிவு செய்ய அனுமதி இல்லாமல் இருந்தது. பதிவாளர் அதை ஸ்பானிஷாக மாற்றித்தான் எழுதுவார். அந்தப் பதிவாளர்களிலும் வீட்டுக்குப் போய்க் கவிதை படித்தவர்கள் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தன் பெயரைத் தன் எழுத்தில் எழுதிக்கொள்ளப் போராடிய ஒரு ஜனம் தன் பெயரிலேயே நடத்துகிற போட்டிக்குத்தான் ஓர்மாஞ்சிக் குழந்தைகள் போய் ஆடினார்கள். இதை அறியாமலே நான் அவர்களைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதியிருந்தேன்.

நம் பக்கத்தில் பெண்கள் கால்பந்து புதிய சங்கதி அல்ல. 1993 வரை விழுப்புரமும் கடலூரும் ஒரே தென்னாற்காடு. அந்தக் கடலூரிலிருந்து வந்தவர்தான் இந்திய அணிக்கு ஆடி, தமிழகக் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராகவும் இருக்கிற இந்துமதி கதிரேசன். 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2–1 என்று வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகத் தேசியச் சாம்பியன் ஆனார்கள். எங்கள் பெருந்திட்ட வளாகத்து விளையாட்டரங்கைக் கடந்து எத்தனையோ நாள் நடந்திருக்கிறேன்; உள்ளே யார் ஆடுகிறார்கள் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. நம் கதைகளில் ஜன்னல் ஓரத்தில் நிற்கிற, குடம் சுமக்கிற, அழுகிற சிறுமிகள் ஏராளம். மூச்சு வாங்க ஓடிவந்து எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிக்கிற சிறுமியை எனக்கு ஞாபகமில்லை. அவளைப் பார்க்க நமக்குப் பழக்கமில்லை. பார்க்க நேர்ந்தால் உடனே குறியீடு ஆக்கிவிடுகிறோம்; நான் ஆக்கியது போல.

குறியீடு ஆக்குவதில் அரசாங்கமும் நமக்குச் சளைத்ததல்ல. 2022 அக்டோபரில் பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களின் உலகக் கோப்பை இந்தியாவிலேயே நடந்தது. இந்தியா அமெரிக்காவிடம் 0–8, மொராக்கோவிடம் 0–3, பிரேஸிலிடம் 0–5 என்று தோற்றது. தலைவி ஜார்கண்டின் கும்லா மாவட்டத்து அஸ்தம் ஓராவ்ன். அவரைக் கௌரவிக்க அவர் வீட்டுக்குச் சாலை போட்டார்கள். அந்தச் சாலை வேலையில் தினக்கூலிக்கு மண் சுமந்தவர்களில் அவருடைய தாய் தகப்பனும் இருந்தார்கள். பழைய நானாக இருந்தால் இதிலிருந்தும் ஒரு வாக்கியம் செய்திருப்பேன்.

இப்போது என் கவுண்டர் டிராயரில் பெயர்த் திருத்தப் படிவங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. எழுத்து வித்தியாசத்தோடு வருகிறவர்களிடம் நானே எடுத்துக் கொடுக்கிறேன். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதியும் தருகிறேன். இதைப் பிராயச்சித்தம் என்று சொல்லமாட்டேன். முதலிலேயே என் வேலை அதுதான். அந்த அம்மாளின் பாஸ்புக்கையும் அன்றே திருத்திக் கொடுத்தேன். ஆதாரில் உள்ளபடியே ‘இஸட் ஹெச்’ போட்டு அச்சாகி வந்தது. பெண் அதை வாங்கி எழுத்து எழுத்தாகப் பார்த்தாள்.

“இப்ப கரெக்டா இருக்கு சார்” என்றாள்.

கட்டுரையை எங்கும் பிரசுரிக்கவில்லை. மூன்று தொகுப்புகளைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.