கடல் கடந்து வரும் அம்பிளிபயர்

ஜூபிலி மலரிலே கல்லூரியின் வரலாறும் ஆசிரியர்தம் பெருமையும் இடம்பெறுதல் வழக்கம். அவற்றை எழுத வல்லார் பலர் உளர். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ வீட்டிலே பாட்டுக் கேட்க உதவும் ஸ்ரீரியோ அம்பிளிபயர். விஞ்ஞான நூல்கள் இதனை விரியலாக்கி என்னும். ஊரவர் அழைக்கும் பெயராலேயே யாமும் அழைப்போம். இது மலருக்கு ஒவ்வாத பொருளென எண்ணற்க. பழைய மாணவருட் பலர் கனடாவிலும் பிற நாடுகளிலும் வாழ்கின்றனர். அவர்தம் பெற்றோர் யாழ்ப்பாணத்து வீடுகளிலே தனித்திருக்கின்றனர். பிள்ளைகள் தாம் ஆண்டுக்கணக்காய்க் கேட்டு மகிழ்ந்த நல்ல கருவியை ஊருக்கு அனுப்புகின்றனர். அது வந்த அன்றே புகைந்து போதலை யாம் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளிற் கண்டதுண்டு. முதியோர் அதனைப் பிள்ளைக்கு அறிவிப்பதில்லை. "நல்லாய்ப் பாடுது, தம்பி" என்று தொலைபேசியிற் சொல்லிவிட்டு, ஊமையாகிவிட்ட பெட்டியைத் தூசி துடைத்து வைத்திருப்பர்.

இவர்கள் இசையை எளிதில் இழக்க உடன்படுவோர் அல்லர். 1990களிலே குடாநாட்டில் மின்சாரம் அற்றிருந்த காலத்தில், துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, தைனமோவின் மின்னாலே வானொலி கேட்டவர்கள்.

புகைதற்குக் காரணம் மிக எளியது. கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ற். இலங்கையினது 230 வோல்ற். ஏறக்குறைய இருமடங்கு அழுத்தத்தை மின்மாற்றி தாங்காது. நல்வினை இருப்பின் உருகி மட்டும் எரியும். ஆதலின் பெட்டியின் பின்புறத் தகட்டை முதலில் வாசித்தல் வேண்டும். சில கருவிகளிலே வோல்ற் அளவைத் தெரிவுசெய்யும் ஆளி உண்டு. அஃது இல்லையேல் அழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றியொன்று தேவை. பின்தகட்டிற் குறித்த வாற்று அளவினும் அது பெரியதாயிருத்தல் நன்று. பிரயாணிகள் தலைமயிர் உலர்த்தும் கருவிக்கெனக் கொண்டு திரியும் இலேசான சிறு பெட்டி இதற்கு உதவாது. இரும்புக் கருவும் செப்புக் கம்பியும் கொண்ட கனத்த மின்மாற்றியே வேண்டும். யப்பானிலிருந்து வருவன 100 வோல்ற் என்பதையும் நினைவிற் கொள்க.

இசைத்தட்டுச் சுழற்றியும் உடன் வருமாயின் இன்னுமொரு சிக்கல் உண்டு. அங்கே மின்னலைகள் விநாடிக்கு 60, இங்கே 50. மின்னலையின் வேகத்துக்கே சுழலும் பழைய வகை மோட்டராயின், 33⅓ சுற்றுத் தட்டு 28 சுற்றுக்கும் குறைவாகவே ஓடும். சுருதி மூன்று அரைச்சுரங்களுக்குச் சற்று மேலாய் இறங்கிவிடும். பாடகருக்கு வயதாகிவிட்டது என்று எவரேனும் இரங்கினால் அதில் வியப்பில்லை.

ஸ்பீக்கரை இணைத்தற்கு நாம் ஆய்வுகூடத்திற் படித்த ஓமின் விதியே போதும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டினைச் சமாந்தரமாக ஒரே வாயிலில் இணைத்தால் 4 ஓம் ஆகும். பாயும் மின்னோட்டம் இருமடங்காகும். அம்பிளிபயர் அதற்கென அமைந்ததோ என்று பார்த்தல் வேண்டும். முற்றத்துக்கு ஒன்று, குசினிக்கு ஒன்று என ஸ்பீக்கர்களைப் பெருக்குவோர் இதனைக் கருதுவதில்லை. கம்பியின் ஓர் இழை பிரிந்து அயல் முனையைத் தொடினும் கேடே. சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்த்தல் ஏனெனில், ஒரு பக்கம் மாறினால் இரு ஸ்பீக்கர்களும் எதிரெதிராய் அசையும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலியும். நடுவிலிருந்து கேட்கவேண்டிய குரல் இடமின்றி அலையும். கேட்போனும் இரு ஸ்பீக்கர்களும் சமபக்க முக்கோணமாய் அமைதல் சிறப்பு.

வலு எவ்வளவு வேண்டும் என்று வினவுவோர் பலர். ஓசை இருமடங்காய்த் தோன்றுதற்கு வலு ஏறத்தாழப் பத்து மடங்காதல் வேண்டும். அமைதியாய்க் கேட்குங்கால் ஒரு வாற்றளவே செலவாகும். சிறிய அம்பிளிபயரை எல்லைக்கு மேல் முடுக்கும்போது அலையின் தலை வெட்டுண்டு, மேல்ஸ்தாயி ஒலிக்கும் சிறு ஸ்பீக்கர் கருகும். கலியாண வீட்டுக்கு இரவல் கொடுத்த கருவிகள் பெரும்பாலும் இவ்வாறே திரும்புகின்றன.

வெப்பமே நாட்பட்ட பகை. எம்மவர் வீடுகளிலே பெட்டியின்மேற் பின்னல் விரிப்பும், அதன்மேற் பூச்சாடியும், அதற்கும் மேலே பட்டமளிப்புப் படமும் வைத்தல் மரபு. பட்டத்துக்கு வேறு இடம் தேடுக. மேற்புறத் துளைகள் வழியே வெப்பம் வெளியேறல் வேண்டும். உள்ளேயுள்ள மின்பகு கொள்ளளவிகள் பத்துப் பாகை வெப்பம் குறைந்தால் ஏறத்தாழ இருமடங்கு காலம் உழைக்கும் என்பது பொறியியலார் கணிப்பு. மேலே ஒரு சாண் வெளி விடுக. எறும்பும் பல்லியும் இளஞ்சூட்டை நாடி நுழையும். துளையை அடைக்காது, பெட்டியை உணவறைக்குத் தொலைவில் வைத்தலே தக்கது. குமிழைத் திருகும்போது கரகரப்பு எழுமாயின், மின்னை நிறுத்தி அங்குமிங்கும் பலமுறை திருகுக. தேங்காயெண்ணெய் விடுவோரைக் கண்டுள்ளோம். அது தூசியைச் சேர்த்துக் களியாக்குமேயன்றி வேறொன்றும் செய்யாது. பெட்டியைத் திறத்தல் கைதேர்ந்தார்க்கே உரியது. மின்னிணைப்பைக் கழற்றிய பின்னும் கொள்ளளவிகளில் மின் தேங்கி நிற்கும். பழைய வால்வுக் கருவிகளில் அது சில நூறு வோல்ற். அவ்வகைக் கருவியை ஸ்பீக்கர் இணைக்காது இயக்கவும் கூடாது.

ஐப்பசி இடியின்போது ஆளியை நிறுத்துதல் போதாது; செருகியையே கழற்றுதல் வேண்டும்.

அனுப்பும் அன்பர்க்கு ஒரு விண்ணப்பம். கருவியோடு தமிழிலே பெரிய எழுத்தில் ஒரு கடதாசியும் எழுதி அனுப்புக. ஒலிக்குமிழைக் குறைத்த பின் போடுதல், பாட்டுக் கருவியை முதலிலும் அம்பிளிபயரை ஈற்றிலும் போடுதல், நிறுத்தும்போது அம்பிளிபயரை முதலில் நிறுத்துதல், இடிக்குமுன் எந்தச் செருகியைக் கழற்றுவது என்பன அதில் இருத்தல் வேண்டும். அம்மா கண்ணாடி இன்றி வாசிக்கும் அளவு எழுத்து. பெட்டியின் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுவார்.