பாரம் இறங்கிய பின்பு

என் இடது காலில், முழங்காலுக்கு நான்கு விரற்கடை கீழே, ஒரு வடு உண்டு. பழைய எட்டணா நாணய அளவுதான். விளையாடி விழுந்ததால் வந்ததும் அன்று. வயலில் கலப்பை தந்ததும் அன்று. கடல் கடந்து சென்ற ஓர் ஊரில், எதையும் இழுக்காமல் சும்மா நின்றுகொண்டிருந்த ஒரு வண்டி அதை எனக்குத் தந்தது. அந்த வடு கற்பித்த பாடத்தை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டு சனவரித் திங்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோ மாநகருக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூரில், என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அந்த மாத இறுதியில் சிகாகோவின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை செல்சியசையும் தாண்டி இறங்கியது. எங்கள் பாண்டி நாட்டு வெயிலில் அறுபத்தேழு ஆண்டுகள் காய்ந்த உடம்பு அதனை எப்படித் தாங்கிற்று என்று இன்றும் வியக்கிறேன்.

மருமகனிடம் பெரிய வண்டி ஒன்று இருந்தது. விடுமுறை நாள்களில் காட்டுப் பகுதிகளில் கூடாரம்போல் தங்குவதற்கு, படுக்கையும் அடுப்பும் அமைந்த ஒரு டிரெய்லரை வாங்கி, அதை இவ்வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்வது அவர் வழக்கம். இரண்டாவது குழந்தை பிறந்ததும் செலவு கூடியது. 2018ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அந்த டிரெய்லரை விற்றுவிட்டார். டிரெய்லர் போய்விட்டது. அதை இழுத்த கொக்கி மட்டும் வண்டியின் பின்னே அப்படியே நின்றது.

கொக்கி என்று நாம் சொன்னாலும் அது வளைந்த கொக்கி அன்று. வண்டியின் அடிச்சட்டத்தோடு இறுகப் பொருத்திய ஒரு சதுரக் குழல். அதனுள்ளே செருகிய ஒரு கனத்த இரும்புத் தண்டு. தண்டின் நுனியில், எலுமிச்சம்பழத்தினும் சற்றுப் பெரிய இரும்புக் குண்டு. டிரெய்லரின் முன்கழுத்து இந்தக் குண்டின்மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். குழலையும் தண்டையும் சேர்த்துப் பிடிப்பது குறுக்கே செல்லும் ஓர் இரும்பு ஆணி. அந்த ஆணி கழன்றுவிடாமல் காப்பது, பெண்கள் கூந்தலில் செருகும் கொண்டை ஊசி போன்ற ஒரு சிறு கம்பி. கம்பியை எடுத்து ஆணியை உருவினால் தண்டு தனியே வந்துவிடும். வேண்டும்போது பூட்டி, வேண்டாதபோது கழற்றி வைக்கவே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள்.

ஒரு மாலைப்பொழுது, இருள் கவிந்த நேரம், குப்பைப் பையோடு வண்டியின் பின்புறமாகச் சுற்றி வந்தேன். பனி மூடிய தரையில் கால் வழுக்கிவிடக் கூடாதே என்று தரையையே பார்த்து நடந்தேன். வண்டி எங்கே முடிகிறதோ அங்கே அது முடிந்துவிட்டது என்றுதானே நம் கண் கணக்கிடும்? அதற்கு அப்பாலும் ஒரு சாண் நீளத்துக்கு இரும்பு நீட்டிக்கொண்டிருந்தது. குண்டு எலும்பிலேயே மோதிற்று. கண்ணில் நீர் வந்துவிட்டது. காற்சட்டை கிழிந்து, இரத்தத்தோடு குண்டின் கறுப்பு மசகும் ஒட்டிக்கொண்டது.

மருமகன் பதறித்தான் போனார். மறுநாளே பழைய டென்னிஸ் பந்து ஒன்றைக் கீறி அந்தக் குண்டின்மேல் குல்லாய்போல் கவிழ்த்தார். “இனி அடிபடாது மாமா” என்றார். “கழற்றி வைத்துவிடலாமே?” என்று கேட்டேன். “அந்த ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் விட்டிருக்கிறார்கள், அப்பா” என்று மகள் இடையிட்டாள். மருமகனும் தம் காரணங்களை அடுக்கினார். நண்பர் யாரேனும் டிரெய்லர் கேட்டால் உடனே பூட்டலாம். கழற்றி வைத்தால் எங்கே வைத்தோம் என்று தேட வேண்டும். அதைவிட, பின்னால் எவனாவது வந்து இடித்தால் நம் வண்டிக்கு அது ஒரு காவல்.

அந்தக் கடைசிக் காரணம் நான் எதிர்பார்த்ததைவிட விரைவில் சோதனைக்கு உள்ளாயிற்று.

பிப்ரவரியில் ஒரு காலை, குடும்பத்தோடு கடைக்குச் சென்றுகொண்டிருந்தோம். நான் முன்னே அமர்ந்திருந்தேன். மகள் பின்னிருக்கையில் குழந்தைகளோடு இருந்தாள். சிவப்பு விளக்குக்காக வண்டி நின்றது. சாலையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டி. பின்னால் வந்த சிறிய கார் ஒன்று நிற்க முயன்று, வழுக்கி வந்து எங்கள்மீது மோதியது. பெரிய வேகம் இல்லை. ஆனால் எங்கள் உடம்பு ஒரு முறை முன்னும் பின்னுமாகக் குலுங்கியது.

இறங்கிப் பார்த்தோம். எங்கள் வண்டியில் ஒரு கீறலும் இல்லை. டென்னிஸ் பந்து மட்டும் எங்கோ தெறித்து விழுந்திருந்தது. பின்னால் நின்ற காரின் முகத்திலோ இரும்புக் குண்டு துளைத்த ஓட்டை. அதன் வழியே பச்சை நிறக் குளிர்நீர் பனியின்மேல் ஒழுகிக்கொண்டிருந்தது. ஓட்டிவந்தவள் இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதுப் பெண். இரவு வேலை முடித்து வீடு திரும்புகிறாள் போலும்; முகத்தில் உறக்கம். தவறு தன்னுடையதே என்று பலமுறை சொன்னாள். பிறகு அந்த ஓட்டையைப் பார்த்து வாய்விட்டு அழுதாள். “நல்லவேளை, கொக்கி இருந்தது மாமா” என்று மருமகன் மெதுவாகச் சொன்னார். எனக்கு அந்தச் சொல் தொண்டையில் முள்ளாய்க் குத்திற்று. கொக்கி இல்லாதிருந்தால் இரு வண்டிகளின் முட்டுத்தாங்கிகளும் அகலமாக மோதி, இருவரும் சேர்ந்து அந்த அடியைத் தாங்கியிருப்போமே! நாங்கள் தப்பியது அவள் செலவில் அல்லவா?

நாங்கள் தப்பியதாக எண்ணியதும் முழு உண்மை அன்று. மறுநாள் காலையில் மகளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பத்து நாள் மருந்துண்ட பிறகே சரியாயிற்று. காரணம் எளிது. வண்டியின் பின்புற முட்டுத்தாங்கி, மோதும்போது தான் நசுங்கி, அடியின் ஒரு பகுதியைத் தன்னோடு வாங்கிக்கொள்ளும்படி அமைந்தது. கொக்கியோ அதைத் தாண்டி நீண்டு நிற்கிறது, அடிச்சட்டத்தோடு இறுகியிருக்கிறது. அது நசுங்குவதில்லை. தான் வாங்கிய அடியை நேராகச் சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து உள்ளே இருப்போருக்கும் அனுப்பிவிடுகிறது. பின்னாலிருந்து மோதுண்ட கார்களைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்து, இழுகொக்கி பொருத்திய கார்களில் இருந்தோர்க்கே நெடுநாள் கழுத்துவலி மிகுதியாக வருகிறது என்று கண்டிருக்கிறார்கள். காவல் என்று எதனை நம்பினோமோ அதுவே வீட்டுக்குள் வலியைக் கொண்டுவந்தது.

மோதல் நடந்த இடத்துக்கு வந்த காவலர், வண்டியின் எண் பலகையைச் சற்றுக் குனிந்து பார்த்து, “இந்தக் குண்டு ஓர் எண்ணை மறைக்கிறதே” என்று மட்டும் சொல்லிப் போனார். அன்றிரவு மருமகன் சட்டத்தைத் தேடிப் படித்தார். இதே இல்லினாயில், இப்படிக் கொக்கி எண் பலகையை மறைத்தது என்று காவலர் ஒரு காரை நிறுத்திய வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. 2015ஆம் ஆண்டு அந்நீதிமன்றம், பலகையின்மேல் ஒட்டியும் மூடியும் வைக்கும் பொருள்களையே அச்சட்டம் தடுக்கிறது, கொக்கியைத் தடுக்கவில்லை என்று விளக்கியது. ஆயினும் சட்டத்தின் சொற்கள் தெளிவற்றவை ஆகையால் காவலர் அதைப் பிழையாக உணர்ந்தது இயல்பே என்றும், அவர் காரை நிறுத்தியது செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. “பார்த்தீர்களா, நம்மேல் குற்றமில்லை” என்றார் மருமகன். உண்மைதான். ஆனால் சட்டம் விலக்கவில்லை என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகி விடுகிறதா? அந்தப் பெண்ணின் முகமும் மகளின் கழுத்தும் என் காலும் வேறு விடை சொல்லின. அவரும் சிறிது நேரம் பேசாதிருந்து, “கழற்றிவிடலாம் மாமா” என்றார்.

கழற்றுவது அத்தனை எளிதாக இல்லை. அந்நாட்டில் குளிர்காலம் முழுவதும் பனியை உருக்கச் சாலைகளில் உப்பைக் கொட்டுகிறார்கள். உப்புநீர் குழலுக்குள் புகுந்து, துருவேறி, தண்டும் குழலும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. ஆணி அரைகுறையாக அசைந்தது. தண்டு அசையவே இல்லை. மார்ச்சு இறுதியில் பனி விலகிய ஒரு சனிக்கிழமை, அடுத்த வீட்டு முதியவர் உதவிக்கு வந்தார். முப்பது ஆண்டு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். துருவிளக்கும் எண்ணெயை ஊற்றிவிட்டு, அது ஊறும்வரை என்னோடு படியில் அமர்ந்து காப்பி அருந்தினார். பிறகு சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினார்; மறுபடியும் எண்ணெய்; மறுபடியும் தட்டல். மாலை நான்கு மணிக்கு ஒரு பெருமூச்சுப் போன்ற ஒலியோடு தண்டு வெளியே வந்தது. “இழுத்து முடித்த அன்றே கழற்றினால் ஒரு நிமிட வேலை; ஒரு குளிர்காலம் கடந்துவிட்டால் ஒரு நாள் வேலை” என்றார் அவர். நாள்தோறும் பாரம் இழுக்கும் தொழிலாளிக்குக் கொக்கி நிலையாக இருப்பதே முறை என்றும், இழுக்க ஒன்றும் இல்லாதவனுக்கு அது வீண் நீட்சி என்றும் சொன்னார்.

அவர் பேசப்பேச எனக்கு என் தந்தையின் நினைவு வந்தது. அவர் உழவர். உச்சிப்பொழுதில் ஏர் அவிழ்த்ததும், தாம் ஒரு வாய் நீர் குடிப்பதற்கு முன்பே, மாடுகளின் பூட்டாங்கயிற்றைத் தளர்த்தி நுகத்தடியை இறக்கிவிடுவார். கலப்பையைச் சாய்த்து வைக்கும்போது கொழுவின் முனை தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். வழியில் போகும் பிள்ளைகளின் காலைப் பார்த்து அது நிற்பதைக் கண்டால் என்னை வைவார். பூட்டத் தெரிந்தவனுக்கு அவிழ்க்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இரண்டும் சேர்ந்ததே உழவு.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் பத்தொன்பது ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்தவன். எண்ணூறு பிள்ளைகளையும் முப்பது ஆசிரியர்களையும் இழுத்துச் செல்ல எனக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. மைதானத்தின் கடைசி வரிசை வரை எட்டும் குரல். மறுமொழிக்கு இடம் தராத குரல். அந்தப் பாரத்துக்கு அது வேண்டியிருந்தது என்றே இன்றும் நம்புகிறேன். 2010ஆம் ஆண்டு ஓய்வு பெற்றபோது சாவிக்கொத்தையும் பதிவேடுகளையும் எண்ணி ஒப்படைத்தேன். குரலை ஒப்படைக்கவில்லை. இழுக்க ஒன்றும் இல்லாமல் அது என்னோடு நீட்டிக்கொண்டே வந்தது.

மதுரையில் சிறு அச்சகம் நடத்திவந்த என் மகன், 2016ஆம் ஆண்டு அதனைக் கடனோடு மூட நேர்ந்தது. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவனை, உறவினர் நடுவே நிற்க வைத்துக் கணக்குக் கேட்டேன். காலை வணக்கக் கூட்டத்தில் பிடிபட்ட மாணவனைப்போல் அவன் கைகட்டித் தலை குனிந்து நின்றான். அவனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அன்று மாலையே ஊர் திரும்பிவிட்டான். பிறகு தாயோடு பேசுவான். என்னிடம் நலம் மட்டும் கேட்பான். “ஒடிந்து வந்த பிள்ளையை உட்காரவாவது சொல்லியிருக்கலாமே” என்று என் மனைவி ஒரே ஒருமுறை சொன்னாள். நானோ, என்மேல் குற்றமில்லை, உள்ளதைத்தானே கேட்டேன் என்று இருந்தேன். மருமகன் சட்டத்தைப் படித்துச் சொன்ன அதே சொல்!

மறுநாள் இரவு ஒன்பது மணிக்கு மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். மதுரையில் காலை ஏழரை. அவன் குரலில் எச்சரிக்கை இருந்தது. கேள்விகளுக்கு ஆயத்தமாக நிற்கிறான் என்று உணர்ந்தேன். கடனைப் பற்றி நாவின் நுனிவரை வந்த கேள்வியை விழுங்கினேன். “சும்மாதான் கூப்பிட்டேன்” என்றேன். இருவரும் பேசாதிருந்தோம். சற்றுக் கழித்து அவனே, “கால் எப்படி இருக்கிறது அப்பா?” என்றான். சொன்னேன். துருப்பிடித்த கொக்கியைக் கழற்ற ஒரு நாள் முழுவதும் ஆன கதையையும் சொன்னேன். அவன் சிரித்தான். மூன்றாண்டுகளாக நான் கேட்காத சிரிப்பு அது. பிறகு தன் புதிய வேலையைப் பற்றி அவனாகவே இரண்டு வாக்கியம் சொன்னான். நான் கேட்டுக்கொண்டேன்.

ஒரு தொலைபேசி அழைப்பில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். ஒன்பது குளிர்காலத் துரு அது. இப்போதும் சில வேளைகளில் பழைய குரல் என்னையறியாமல் நீள்கிறது. உடனே என் மனைவியின் கண் என் இடது காலின்மேல் விழும். நானும் அடங்கிவிடுவேன்.

மருமகன் அந்தத் தண்டைத் துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, வண்டிக் கொட்டகையின் தட்டில் வைத்தார். அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அடுத்த கோடையில் நண்பர் ஒருவர் வீடு மாற்றியபோது அதனை எடுத்துப் பூட்டினாராம். சாமான்களை இறக்கிய அன்று மாலையே கழற்றியும் விட்டாராம். ஒரு நிமிடம்தான் ஆயிற்று என்று எழுதியிருந்தார்.