குணமானால்... மறுபடியும் போர்முனை!

ஸ்காட்லாந்தில் எடின்பரோ போகிறவர்கள் கோட்டையைப் பார்ப்பார்கள். பாவாடை கட்டிய ஆசாமி பைப் ஊதினால் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் நேரே விஸ்கி கடை!

கொஞ்சம் பஸ் ஏறி, ஊருக்குத் தென்மேற்கே கிரெய்க்லாக்ஹார்ட் போய்ப் பாருங்கள். பேரைச் சொல்வதற்குள் நாக்கு சுளுக்கும், பரவாயில்லை. கோபுரம் வைத்த பெரிய கல் கட்டடம். 1880-ல் திறந்தபோது பணக்காரர்களுக்கான தண்ணீர் வைத்திய விடுதி. நம்ம குற்றாலம் மாதிரி... அருவிதான் கிடையாது! இன்று நேப்பியர் பல்கலைக்கழகத்தின் வளாகம்.

நடுவில் 1916 முதல் 1919 வரை அது ராணுவ ஆஸ்பத்திரி. கை கால் போனவர்களுக்கு அல்ல; முதல் உலகப் போரில் மனசு உடைந்துபோன ஆபீசர்களுக்கு. 'ஷெல் ஷாக்' என்றார்கள். பகலில் கோல்ஃப், அரட்டை, சிரிப்பு. ராத்திரி விளக்கை அணைத்தால், தூக்கத்தில் அலறல்!

1917 ஜூனில் வந்து சேர்ந்தார் வில்ஃப்ரெட் ஓவன். வயது 24. குண்டு வெடித்துத் தூக்கியெறியப்பட்டு, சிதறிக்கிடந்த சக அதிகாரியின் உடலருகே நாள்கணக்கில் படுத்துக் கிடந்தவர். கைநடுக்கம் போக டாக்டர் தந்த மருந்து, வேலை! ஆஸ்பத்திரி நடத்திய 'ஹைட்ரா' பத்திரிகைக்கு எடிட்டர் ஆனார்.

அடுத்த மாதம் வந்தவர் சீக்ஃப்ரைட் சசூன். வீரப் பதக்கம் வாங்கியவர். 'இந்தப் போரை வேண்டுமென்றே இழுக்கிறார்கள்' என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார். ராணுவ கோர்ட்டில் நிறுத்தினால் வம்பு. 'பாவம், நரம்புத் தளர்ச்சி' என்று இங்கே அனுப்பிவிட்டார்கள்!

சசூனைக் கவனித்த டாக்டர் ரிவர்ஸ் நமக்குக் கொஞ்சம் வேண்டப்பட்டவர். ஊட்டிப் பக்கம் வந்து தோடர்களை ஆராய்ந்து, 1906-ல் தடியாக ஒரு புத்தகம் போட்ட அதே ரிவர்ஸ்! 'நடந்ததை மறந்துடுப்பா' என்பதுதான் அன்றைக்கு எல்லோரும் சொன்ன வைத்தியம். ரிவர்ஸ் மாற்றிச் சொன்னார்: "அமுக்கி வைக்காதே, பகலில் நினைத்துப் பார், பேசு. இல்லாவிட்டால் அது ராத்திரியில் வரும்."

ஓவன் பேசவில்லை, எழுதினார். கூச்சத்தோடு சசூன் அறைக் கதவைத் தட்டி, அவருடைய கவிதைப் புத்தகத்தில் கையெழுத்து கேட்டார். சினேகம் பிடித்துக்கொண்டது. ஓவனின் கவிதைகளைச் சசூன் தன் கையாலேயே திருத்திக் கொடுத்தார். நச்சுப் புகையில் மூச்சுத் திணறிச் செத்த சிப்பாய் கனவில் வந்து வந்து நிற்கிறானே, அந்த 'டல்சே எட் டெக்கோரம் எஸ்ட்' கவிதையை ஓவன் எழுதத் தொடங்கியது இந்தக் கட்டடத்தில்தான். அதுவரை போர்க்கவிதை என்றால் கொடி, வீரம், வெற்றி. அலறி எழுகிறவனின் ராத்திரி அதற்குள் நுழைந்தது இவர்களால்தான்.

சரி, குணமானால்? வீட்டுக்கா அனுப்புவார்கள்? போர்முனைக்கு! வைத்தியத்தின் நோக்கமே அதுதானே. ரிவர்ஸுக்கும் இது உறுத்தாமல் இல்லை. இருவருமே திரும்பப் போனார்கள். சசூனின் தலையில் 1918 ஜூலையில் குண்டு பாய்ந்தது. சுட்டது எதிரி இல்லை, ஆள் தெரியாமல் அவருடைய படைக்காரரே! பிழைத்து, 1967 வரை வாழ்ந்தார். ஓவனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1918 நவம்பர் 4-ம் தேதி, பிரான்ஸில் ஒரு கால்வாயைக் கடக்கும்போது சுடப்பட்டு இறந்தார். நவம்பர் 11-ம் தேதி, போர் முடிந்ததென்று ஊரெல்லாம் மணி அடிக்கும்போது அவர் அம்மா கைக்குத் தந்தி வந்தது.

இன்னொன்று. இந்த மாளிகை ஆபீசர்களுக்கு மட்டும். சாதாரண சிப்பாய் நடுங்கினால் 'கோழை' என்று பெயர். ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகத் தன் ராணுவத்தாலேயே சுடப்பட்ட 306 பேருக்கு பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது. எப்போது? 2006-ல்!

அவர்களில் ஷெல் ஷாக் வந்தவர்களும் உண்டு. கதவைத் தட்டிக் கவிதையைக் காட்ட, அவர்களுக்கு ஒரு மாளிகை இருக்கவில்லை.