கல்லாவும் காம்போனென்டும்

சாலைக் கடைத்தெருவில் மளிகை வாணிகம் செய்து வாழும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் அமைத்த தெரு இது. இங்கே முதல் என்பது பணமன்று. சொன்ன விலை மாறாத நாணயமே.

அந்த நாணயத்துக்கு ஒருநாள் சோதனை வந்தது. வீட்டிலிருந்தே சாமான் கேட்பவர்களுக்காக எங்கள் மகள் இணையப் பக்கம் ஒன்று அமைத்திருந்தாள். அதற்கு அவள் கையாண்டது, பேஸ்புக் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ரியாக்ட். அதில் திரையைக் காம்போனென்ட் எனப்படும் சிறு கூறுகளாகப் பிரித்துக் கட்டுவர். சரக்குப் பட்டியல், கூடை, ரசீது என மூன்று கூறுகள் செய்தாள். விலையை மூன்றும் தனித்தனியே வைத்திருந்தன.

மல்லி விலை இறங்கியது. பட்டியலில் புது விலை. ரசீதிலோ பழைய விலை. நெடுங்காலமாக வரும் அம்மையார் ஒருவர், "அண்ணாச்சி, ஒரே கடையில் இரண்டு விலையா?" என்றார். மிகுதிப் பணத்தைத் திருப்பித் தந்தோம். ஆயினும் தலை குனிந்தோம்.

மகள் அனைத்தையும் ஒரே கூறாக்கினாள். கூடையைத் திருத்தப் போனால் பட்டியல் கெட்டது. அப்போது எங்கள் தந்தையார் சொன்னார்: "கடையைப் பாரம்மா. எடை போடுபவர் விலை சொல்வதில்லை. பொட்டலம் கட்டுபவர் கணக்குத் திருத்துவதில்லை. விலை கல்லாவிலிருந்துதான் வரும்."

அவள் மீண்டும் பிரித்தாள். ஆனால், விலையையும் வாங்கிய அளவையும் மூன்றுக்கும் மேலான ஒரு தாய்க் கூற்றில் வைத்தாள். கீழ்க்கூறுகள் தந்ததைக் காட்டும். அளவை மாற்றினால் மேலே சேதி சொல்லும். மொத்தத் தொகையை எங்கும் சேமிக்கவில்லை, வேண்டும்போது கணக்கிட்டாள். ஒரு சிறு விளக்கப்பெட்டி திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதை மட்டும் அப்பெட்டியிடமே விட்டாள். அது மற்றவற்றுக்கு வேண்டாத செய்தியல்லவா?

அடுத்த முறை விலை மாறியபோது மூன்று இடத்திலும் ஒருங்கே மாறியது. அந்த அம்மையார் இன்றும் எங்களிடமே சாமான் வாங்குகிறார்.

ஊர் விட்டு ஊர் வந்து கூடி வாழும் நமக்கு இது புதிய பாடமன்று. பொதுவானது பெரியவர் கையில் இருக்கட்டும். தனக்கே உரியது தன்னிடம் இருக்கட்டும். இரண்டையும் பிரித்தறிந்தால் கடையும் நிலைக்கும், குடும்பமும் நிலைக்கும்.