முக்காடும் நீலச்சேலையும்

“ஆள் பாதி, ஆடை பாதி” என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். அந்த ஆடையைத் தெரிந்தெடுக்கும் உரிமை யாருடையது என்பதை மாத்திரம் சொல்லாமல் விட்டனர்.

நல்லூர்க் கந்தன் சந்நிதியிலே ஆண்கள் மேலாடையைக் களைந்து வணங்குகின்றனர். சீக்கியரோ தலையை மூடாமல் தம் கோயிலுட் புகுவதில்லை. கத்தோலிக்கப் பெண்கள் ஆலயத்திலே முக்காடிட வேண்டுமென 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் விதித்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்விதி இடம்பெறவில்லை. களைவதும் பக்தி, மூடுவதும் பக்தி. துணிக்குப் பொருள் தருவது அணிபவரின் நெஞ்சமே.

இதனை மாணவர்க்கு எடுத்துரைக்க வல்ல நாம், இருமுறை வாய்திறவாதிருந்தோம்.

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின், முகத்தை மறைக்கும் ஆடையை அரசு தடைசெய்தது. தலையை மாத்திரம் மூடும் முக்காட்டுக்கு அத்தடை இருக்கவில்லை. ஆயினும் எம்மோடு கற்பித்த முஸ்லிம் ஆசிரியை ஒருவரிடம், “இதை எடுத்துவிட்டு வந்தால் என்ன?” என்று ஆசிரியர் அறையிலே ஒருவர் கேட்டார். ஆசிரியை எம்மை நோக்கினார். நாம் கையிலிருந்த விடைத்தாளை நோக்கினோம்.

மாலையிலே அவர், “நீங்களாவது ஒரு சொல் சொல்வீர்கள் என்றிருந்தேன், சேர்” என்றார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. 2004ஆம் ஆண்டில் எம் தங்கைக்குத் திருமணம் நடந்தது. அதற்கு முன்பே தந்தையாரை இழந்திருந்த எம் அன்னையார், அந்நாளில் உடுப்பதற்கென நீலப் பட்டுச்சேலை ஒன்றை ஆசையோடு எடுத்துவைத்திருந்தார். “கைம்பெண்ணுக்கு நிறச்சேலையா?” என்றனர் உறவினர். பட்டதாரியான நாம் அன்றும் மௌனமாயிருந்தோம். அன்னையார் வெள்ளை உடுத்து, மணவறைக்கு அப்பால் தூணோரம் நின்று மகளைப் பார்த்தார். வெண்மை துறவின் நிறமென்பர். தானே மேற்கொள்வதன்றோ துறவு? பிறர் சுமத்துவது துறவாகுமோ?

மறுநாட் காலை, அதே அறையில், எல்லோரும் கேட்க ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டோம். அவ்வார விடுமுறையிலே ஊருக்குச் சென்று, அந்த நீலச்சேலையை உடுக்குமாறு அன்னையாரை வேண்டினோம். அவர் பெட்டியைத் திறந்து சேலையை விரித்தார். மடிப்புகள் தோறும் பட்டு இற்றுப்போயிருந்தது.

“பதினைந்து வருஷம் பிந்திவிட்டாய், தம்பி” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

சொல்லவேண்டிய வேளையிற் சொல்லாத சொல்லும் அவ்வாறே மடிப்பிலிருந்து இற்றுப்போகின்றது.