காற்றுக்கு வழி

பழைய காரின் பெட்ரோல் டேங்க் நிரம்ப மறுப்பது வண்டியை நிறுத்திவிடும் பழுது இல்லை. எஞ்சின் ஓடும், பிரேக் பிடிக்கும். பங்கில் மட்டும் மானம் போகும். எங்கள் 1986 மாடல் அம்பாசடரில் நாசிலைச் செருகி அழுத்தினால் இரண்டு நொடியில் ‘டக்’ என்று நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் மறுபடி ‘டக்’. விடாமல் பிடித்தால் டேங்கின் வாய் வழியே பெட்ரோல் கொப்பளித்துப் புடவையில் தெறிக்கும். பின்னால் நிற்பவர்கள் ஹார்ன் அடிப்பார்கள். முள்ளோ கால் டேங்க் என்று காட்டிக்கொண்டிருக்கும்.

அப்பா இறந்த பிறகு மூன்று ஆண்டுகள் ஷெட்டில் நின்ற வண்டி அது. பாகம் பிரித்தபோது வீடு அண்ணனுக்கு, ‘இந்த டப்பா’ எனக்கு. அதையும் என்னால் வைத்துக் காப்பாற்ற முடியாது என்பதுதான் எல்லோருடைய தீர்ப்பும். டேங்க் நிரம்பவில்லை என்றதும் தீர்ப்புக்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது. “பொம்பளைங்க வச்சு ஓட்டுற வண்டியா இது? வித்துடும்மா” என்றார் அண்ணன். பங்கில் “ஃபுல் ஆயிடுச்சு மேடம்” என்றார்கள். மெக்கானிக் பின்பக்கம் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “டேங்க் துருப்பிடிச்சிருக்கும், மாத்தணும். சாரை வரச் சொல்லுங்க, அவருகிட்ட சொல்றேன்” என்றார். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர் இருக்கிறது. எந்த சாரை நான் அனுப்புவது?

இத்தனை பேரில் ஒருவர்கூட, “நீங்க என்ன பார்த்தீங்க? எப்போ நிக்குது?” என்று என்னைக் கேட்கவில்லை. நான் சொன்னது அவர்கள் காதில் புலம்பலாக விழுந்தது. மெக்கானிக்கிடம் போகிற பெண்ணுக்கும் டாக்டரிடம் போகிற பெண்ணுக்கும் இது புதிதல்ல.

கேட்காமலே உதவியது பங்கில் வேலை செய்த ஒரு பெண். மூன்றாவது ‘டக்’குக்குப் பிறகு நாசிலைப் பாதி வெளியே இழுத்து, டேங்கின் வாயருகே உள்ளங்கையைக் காட்டினாள். “அக்கா, கை வச்சுப் பாருங்க. காத்து முழுக்க இந்த வழியாவே வருது. உள்ள போறதும் வெளிய வர்றதும் ஒரே வாய்லன்னா எப்படி எறங்கும்?”

அந்த நாசிலின் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. பெட்ரோல் பாயும்போது அந்தத் துளை காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். பெட்ரோல் வந்து துளையை மூடியதும் இழுக்கக் காற்றில்லாமல் உள்ளே ஒரு சவ்வு நகர்ந்து, விசையை விடுவித்துவிடும். டேங்க் நிரம்பியதா என்று அதற்குத் தெரியாது. மூக்கில் பெட்ரோல் பட்டது என்று மட்டும்தான் தெரியும். டேங்க் காலியாக இருக்கும்போதே பெட்ரோல் மேலேறி வந்தால், உள்ளிருக்கும் காற்றுக்கு வேறு வழி இல்லை என்று பொருள்.

இதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? ரேஷன் மண்ணெண்ணெயைப் பாட்டிலில் ஊற்றிய காலத்திலிருந்து பார்த்ததுதான். புனல் பாட்டில் கழுத்தில் இறுகி உட்கார்ந்தால் எண்ணெய் இறங்காமல் நிற்கும். “புனலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிடி” என்பாள் அம்மா. தூக்கினால் கடகடவென்று இறங்கும். அடுப்படியில் இதைக் கைப்பக்குவம் என்றார்கள். மெக்கானிக் ஷெட்டில் இதுவே தொழிலறிவு.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து வரிசையாக எழுதினேன். மூன்று பங்கில், மூன்று நாசிலில் போட்டாயிற்று; எல்லா இடத்திலும் நிற்கிறது. ஆக, நாசிலில் குறையில்லை. மிக மெதுவாக விட்டால் இறங்குகிறது. ஆக, டேங்கின் கழுத்து அடைபடவில்லை. ஓடும்போது எஞ்சின் திணறவில்லை, மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபடவில்லை. ஆக, மூடியிலுள்ள காற்றுத் துளை சரியாகவே இருக்கிறது. மிஞ்சியது, டேங்கின் மேற்புறத்திலிருந்து காற்றை வெளியேற்றும் மெல்லிய குழாய்.

முதல் நீண்ட கார் பயணத்தைச் செய்தவர் ஒரு பெண். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களுடன் ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போனார். வழியில் வீஸ்லோக் ஊரின் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தன் தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஊசியைச் சொல்லிச் சிரிப்பார்கள். வண்டி நின்றபோது சந்தேகப்பட வேண்டியது குழாயைத்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்ததை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. கணவரின் தொழிலுக்குத் திருமணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தைக் கொடுத்தவரும் அவர்தான். கணவர் கார்ல் பென்ஸின் காருக்கான 1886இன் காப்புரிமையில் பெர்த்தாவின் பெயர் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, திறந்தவெளியில் வண்டியை நிறுத்தி பேட்டரி வயரைக் கழற்றினேன். பாதிக் காலியான டேங்கில் பெட்ரோல் ஆவி நிறைந்திருக்கும். ஒரு பொறி போதும். காற்றுக் குழாயை முழுதாகக் கழற்றித் தனியே எடுத்து வந்து சைக்கிள் பம்பால் அடித்துப் பார்த்தேன். வாய் வைத்து ஊதவோ உறிஞ்சவோ கூடாது. மறுமுனையில் காற்றே வரவில்லை. பழைய சைக்கிள் பிரேக் கம்பியை விட்டுக் குடைந்ததும் மண் உதிர்ந்தது. குளவி மண். மூன்று ஆண்டுகள் அசையாமல் நின்ற வண்டியில், திறந்த குழாய் முனைக்குள் குளவி கூடு கட்டியிருந்தது.

“குளவி கூடு கட்டினா வீட்டுல புள்ள பொறக்கும்பாங்க. உனக்கு இது பொறந்திருக்கு” என்று அம்மா சிரித்தாள்.

மண் அடைப்போடு இன்னொன்றும் இருந்தது. குழாயை டேங்கோடு இணைக்கும் ரப்பர் இறுகி, வளைவில் நசுங்கியிருந்தது. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டது இல்லை. ஊறி உப்பும், பிறகு வெடிக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் படும் ஒவ்வொரு ரப்பரையும் தொட்டுப் பார்த்துவிட வேண்டும். எத்தனால் தாங்கும் ஹோஸ் இரண்டு சாண், கிளாம்ப் இரண்டு, அரை நாள் வேலை. பழுது முடிந்தது. டேங்கை மாற்றவில்லை, வண்டியை விற்கவில்லை.

அடுத்த வாரம் அதே பங்கில், அதே பெண்ணிடம் போட்டேன். ஒரு ‘டக்’கூட இல்லாமல் 30 லிட்டர் இறங்கியது. குளவி விஷயத்தைச் சொன்னேன். “நாளெல்லாம் கையில நாசிலோட நிக்கிறோம்க்கா. எந்த வண்டி எப்படிக் குடிக்கும்னு எங்களுக்குத் தெரியாதா? யாரும் கேக்க மாட்டாங்க, அவ்வளவுதான்” என்றாள்.